பாசி எடுத்த தொட்டி

கிருபாபாய் டீச்சருக்கு எதைப் பார்த்தாலும் ஒரு பாடம் தோன்றிவிடும். குரங்கு மதிலில் ஏறினால் அடக்கமில்லாமை, பால் பொங்கி வழிந்தால் பொறுப்பில்லாமை. சித்தூர் மிஷன் பெண்கள் விடுதிக்குப் பதினாறு வருஷமாக அவர்தான் பொறுப்பு. ஏழாம் வகுப்புக்கும் அவரே டீச்சர். ஆக, பிள்ளைகளுக்கு எழுந்ததிலிருந்து படுக்கிறவரை பாடத்திலிருந்து தப்பிக்க வழியில்லை. நல்ல மனுஷிதான், அதில் சந்தேகம் வேண்டாம். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குத் தன் கையால் கஞ்சி ஊட்டுவார். ஊட்டும்போதே, நனைந்த தலையோடு திரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு பாடமும் ஊட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல். கொசுப்புழுவைத் தின்கிற மீன்களை ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்து கிணறு கிணறாக விட்டுக்கொண்டிருந்தார் கோவர்த்தனன் என்கிற ஹெல்த் இன்ஸ்பெக்டர். புத்தூர்ப் பக்கத்துக்காரர். விடுதிக் கிணற்றில் விட்டதுபோக, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று பத்துப் பன்னிரண்டு மீன்களை ஏழாம் வகுப்பிலும் விட்டார். மிஷனைச் சேர்ந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கண்ணாடித் தொட்டி ஒன்று அங்கே மூலையில் கிடந்தது. அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு கை பாசியையும் போட்டார்.

"பாசி இருக்கட்டும் டீச்சரம்மா, எடுத்துடாதீங்க. தினம் ரெண்டு வேளை கொசுப்புழு புடிச்சிப் போடச் சொல்லுங்க" என்றார்.

கிருபாபாய் தலையாட்டினார். மூன்றாம் நாள் பாசியை வழித்து எடுத்துத் தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். கண்ணாடித் தொட்டி சாக்கடை மாதிரி இருந்தால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும்? கொசுப்புழுவும் வகுப்புக்குள் வரவில்லை. ஒரு சிட்டிகை தவிடு போதும் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

அந்த மீன்களில் ஒன்றுக்கு வயிறு உப்பியிருந்தது. வயிற்றின் கடைசியில் ஒரு கறுப்புப் புள்ளி. தவிடு போட்டால் மற்றதெல்லாம் மேலே வரும், இது வராது. ஒரு மூலையில் கண்ணாடியை ஒட்டி அசையாமல் நிற்கும். வேறொன்று கிட்டே வந்தால் பாய்ந்து விரட்டும். திடீரென்று கண்ணாடியோரமாக மேலும் கீழுமாக அலையும், பிறகு மறுபடியும் மூலைக்கே போகும். பிள்ளைகள் அதற்கு மூலைக்காரி என்று பெயர் வைத்தார்கள்.

"அது ஏன் டீச்சர் அப்படி இருக்குது?"

"சோம்பேறித்தனம். கூடவே பொறாமை. சேர்ந்து வாழத் தெரியாதவர்களுக்கு இதுதான் கதி" என்றார் கிருபாபாய்.

சமையற்காரி செல்லியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அது புள்ளத்தாச்சி டீச்சரம்மா. ஒதுங்க எடம் தேடிக்கினு இருக்குது" என்றாள்.

"மீன் முட்டைதான் இடும். நீ போய் உலையைப் பார்."

செல்லியம்மா போய்விட்டாள். இந்த இடத்தில் அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொந்த ஊர் வெதுருகுப்பம். மழை பொய்த்த ஒரு வருஷம் புருஷன் காய்ச்சலில் போய்விட, கையில் பதினொரு மாசக் குழந்தை, மார்பில் பால் இல்லை, பானையில் கூழ் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்கு நடந்தே வந்து மிஷன் விடுதியில் விட்டுவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டவர் கிருபாபாய்தான். எலிசபெத் என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஆறு வருஷம் கழித்துச் செல்லியம்மா திரும்பி வந்து சமையல் வேலை கேட்டபோது, தாய் நீதான் என்று படிப்பு முடிகிறவரை மகளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். அப்போது அது நியாயமாகவே தெரிந்தது. மற்ற பிள்ளைகளுக்கும் தாய் இல்லையே, இவளுக்கு மட்டும் அடுப்படியில் ஒருத்தி இருக்கலாமா என்பது அவருடைய கணக்கு.

செல்லியம்மா ஏழு வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எலிசபெத்தின் தட்டில் மட்டும் ஒரு கரண்டி அதிகமாக விழும். எண்ணெய் தேய்க்கிற நாளில் அவள் தலையில் கை கொஞ்ச நேரம் கூட நிற்கும். மற்ற பெண்கள் கேலி செய்கிறார்கள் என்று எலிசபெத்தே ஒருமுறை வந்து முறையிட்டாள். கிருபாபாய் செல்லியம்மாவைக் கூப்பிட்டுப் பட்சபாதம் கூடாது என்று கண்டித்தார். மறுநாளிலிருந்து எல்லாத் தட்டிலும் கரண்டி சரியாக விழுந்தது.

மீன்கள் வந்த அதே வாரம் செல்லியம்மா ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, நான் பொண்ணுகிட்ட சொல்லிடட்டா? பதிமூணு வயசாயிடுச்சி. வயசுக்கும் வந்துட்டா. இனிமே மனசு தாங்காதும்மா."

கிருபாபாய்க்கு இரக்கம் வந்தது. "கிறிஸ்துமஸ் லீவு வரட்டும். நானே உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்" என்றார். செல்லியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பாடவேளையில் பிள்ளைகள் திமுதிமுவென்று தொட்டியைச் சுற்றி ஓடினார்கள். மூலைக்காரி முட்டை இடவில்லை, உயிரோடு குட்டியே போட்டுக்கொண்டிருந்தது. கண் மட்டும் தெரிகிற நூல் துண்டுகளைப் போலக் குட்டிகள். கிருபாபாய் வந்து குனிந்து பார்த்தபோது தாய் மீன் திரும்பி ஒரு குட்டியை விழுங்கியது. பிறகு இன்னொன்றை. ஓடி ஒளிய அதுகளுக்கு ஒரு இலைகூட இல்லை. கால் மணி நேரத்தில் தொட்டி பழையபடி சுத்தமாக இருந்தது.

சில பெண்கள் அழுதார்கள். கிருபாபாய்க்கோ பாடம் தானாகவே வந்துவிட்டது. அன்றைக்கு அவர் பேசியது மாதிரி என்றைக்கும் பேசியதில்லை என்று அந்த வகுப்புப் பெண்கள் பின்னாளில் சொன்னதுண்டு. பெற்றதைக் காக்காத தாய் தாயே அல்ல, அப்படிப்பட்டவளுக்கு மன்னிப்பு எங்கேயும் இல்லை என்று குரல் உயர்த்திச் சொன்னார். சொல்லிவிட்டு, "இப்படி ஒரு தாயைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். முதல் பெஞ்சில் எலிசபெத் கை தூக்கினாள்.

"இப்படி ஒரு அம்மா இருக்கறதுக்கு இல்லாமலே இருக்கலாம் டீச்சர்."

"நல்ல பதில்" என்றார் கிருபாபாய்.

சொல்லி நிமிர்ந்தபோதுதான் வாசலில் மோர்ப் பானையோடு நிற்கிற செல்லியம்மாவைப் பார்த்தார். பேச்சின் வேகத்தில் அவளை அடியோடு மறந்துபோயிருந்தார். அவ்வளவுதான் நடந்தது, வேறு சமாதானம் கிடையாது. செல்லியம்மா பானையை மெல்லக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்போதே பின்னால் போயிருக்கலாம். பாடவேளை முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. மணி அடிக்காமல் வகுப்பை விட்டுப் போகிற பழக்கம் கிருபாபாய்க்கு இல்லை.

மறுநாள் காலையில் அடுப்படிச் சாவி அம்மிக்கல்லின் மேல் இருந்தது. பாத்திரமெல்லாம் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தது. செல்லியம்மா இல்லை.

புதன்கிழமை கோவர்த்தனன் வந்து தொட்டியைப் பார்த்தார். "பாசி எங்க டீச்சரம்மா?"

"எடுத்துவிட்டேன். அழுக்காக இருந்தது."

"குட்டி போட்டுச்சா?"

"போட்டது. எல்லாவற்றையும் அதுவே தின்றுவிட்டது."

"அது இன்னாம்மா பண்ணும்?" என்றார் அவர், கோபமில்லாமல். "ஒதுங்க எடமில்ல, வயித்துக்கும் பத்தல. கிட்ட வர்றது குட்டியா புழுவான்னு அதுக்கு எப்டித் தெரியும்? பாசி இருந்தா குட்டிங்க உள்ள பூந்து தப்பிச்சிக்கும். மூலையில போயி நின்னுச்சா, துன்னாம கெடந்துச்சா? எடம் குடுங்கன்னு அது அப்டித்தாம்மா கேக்கும்."

கிருபாபாய் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பால் இல்லாத மார்பும் கூழ் இல்லாத பானையும் அவருக்குத் தெரியாததா? அந்தக் குழந்தையின் எலும்பைத் தொட்டுப் பார்த்து வாங்கிக்கொண்ட கை அவருடையதுதானே.

சனிக்கிழமை ரயிலேறிப் பாகாலா போய், அங்கிருந்து வண்டி பிடித்து வெதுருகுப்பம் போனார். அங்கே செல்லியம்மாவின் அண்ணன் மனைவி, "இங்க வரலம்மா" என்றாள். திருப்பதியில் பார்த்ததாக யாரோ சொல்ல, அடுத்த சனிக்கிழமை திருப்பதிக்குப் போனார். சத்திரம் சத்திரமாக, யாத்திரைக்காரர்களுக்குச் சமைக்கிற அடுப்படிகளில் எல்லாம் எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சேலையும் கழுத்தில் சிலுவையுமாக ஒரு டீச்சரம்மா புகைக்குள் தலையை நீட்டிச் "செல்லியம்மா என்று யாராவது உண்டா?" என்று கேட்டதைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ சனிக்கிழமை போனார். கிடைக்கவேயில்லை.

தொட்டியில் பாசி போட்டார். பிள்ளைகளை விட்டுக் கொசுப்புழு பிடிக்கச் சொன்னார். ஒரு மாசம் கழித்து மூலைக்காரி மறுபடியும் குட்டி போட்டது. இப்போதெல்லாம் அது மூலையில் நிற்பதில்லை என்பதால் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. இந்தத் தடவை பாசிக்குள் எங்கே பார்த்தாலும் குட்டிகள். எலிசபெத் எண்ணி எண்ணிச் சோர்ந்துபோனாள்.

"இது நல்ல அம்மா டீச்சர். அந்தக் கெட்ட மீன் செத்துப்போச்சா?"

"இல்லை. இது அதே மீன்தான்."

பிறகு அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, வெதுருகுப்பத்திலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். தட்டில் விழுந்த கரண்டியையும், அதைத் தான் நிறுத்தியதையும் சொன்னார். எலிசபெத் அழவில்லை. பாசியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது அவங்க காதுல விழுந்துச்சா டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்கிற பழக்கமும் கிருபாபாய்க்கு இல்லை.

"விழுந்தது."

"நீங்க நல்ல பதில்னு சொன்னீங்களே, அதுவுமா?"

"அதுவும்தான்" என்றார் கிருபாபாய்.