பட்டில் படிந்த கரி

போன வாரம் வேலைக்கு மனுக் கொடுக்கப் பட்டணம் போயிருந்தேன். துறைமுகத்து வாசலில் லாரிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன, ஒன்றும் நகரவில்லை. அதற்கப்பால் ஒரு கப்பல் தன் பங்குக்குப் புகைந்தது. மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பு. முதலில் என் வெள்ளைச் சட்டைக்காகத்தான் கவலைப்பட்டேன் பாருங்கள். அப்புறம்தான் மாமா நினைவு வந்தது.

மாமா என்றால் அக்கா புருஷன். அந்தத் துறைமுகத்தில் கரி இறக்கியவர். குடியிருந்ததும் அந்த லாரிச் சாலையோரம்தான். நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படித்தபோது, இருமி இருமி ஓடாய்த் தேய்ந்து, அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

“டி.பி. இல்லப்பா. கப்பல் புகை, லாரிப் புகை. இன்னமே அந்தப் பக்கம் போனா ஆள் தேறமாட்டாரு” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து மண்ணில் நுரையீரல் படம் போட்டு விளக்கினேன். குடும்பத்தில் முதல் படிப்பாளி அல்லவா! அம்மா படத்தை மிதித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

எங்கள் வீடு திருப்புட்குழிப் பக்கம், பெங்களூர் ரோட்டை ஒட்டி. சாயம் போட்ட பட்டு நூலைக் காயவைத்துச் சுற்றிக் கொடுப்பது அம்மாவின் பிழைப்பு. வெயில் பட்டால் நிறம் வெளுக்கும் என்று ரோட்டோரப் புளியமர நிழலில் கொடி கட்டியிருந்தாள். மாமா வந்த மாதம், சந்தன நிற நூலில் கரி தெரிந்தது. நூல் கொடுக்கும் முதலாளி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“ஏம்மா, கரிமூட்டைய வூட்ல வச்சிக்கினு பட்டு வேல செய்றியா? அவன் இருக்கிறவரைக்கும் நூல் கிடையாது.”

மாமா செங்கல்லால் உடம்பைத் தேய்த்துக் குளித்தார். அம்மா கழிவு நூலால் அவர் கழுத்தைத் துடைத்துப் பார்த்தாள். நூலில் ஒன்றுமில்லை.

“உள்ள இருக்குது. இருமறப்போ வருது” என்றாள்.

“அங்க போனா செத்துடுவாரும்மா” என்றாள் அக்கா.

“இங்க இருந்தா நாம சாவோம். பஸ் ஏத்தி வுடு.”

மாமா சிரித்தார். “வா புள்ள, கப்பலு காத்துக்கினு இருக்குது.”

பொங்கலுக்குள் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த வாரமே முதலாளி மறுபடி நூலைத் தேய்த்தார்.

“என்னாம்மா, ஆளு போயும் கரி போவலியே?”

அப்போதுதான் நாங்கள் ரோட்டைப் பார்த்தோம். மாமா வந்த சமயத்தில்தான் அங்கே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் பெருகியிருந்தன. ஒன்று கரும்புகை கக்கிக்கொண்டு கொடியை ஒட்டிப் போனது. அம்மா கொடியை அவிழ்த்துப் பின்பக்கத் தாழ்வாரத்தில் கட்டினாள். உலை கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பிறகு நூலில் கரி படவே இல்லை.

ரோட்டை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். கரியில் ஓடும் கப்பல்களும் குறைந்துவிட்டனவாம். அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். அதே முதலாளிக்குத்தான் நூல் சுற்றுகிறாள், அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து. இரண்டு பேருக்கும் பேச்சு நின்று வருஷங்கள் ஆகின்றன.

“அவ சாப்ட்டாளான்னு கேளுடா” என்பாள் அம்மா, அக்கா காதுபட.

நான் கேட்கவேண்டும்.