மூன்றாவது தட்டு

"நடிச்சுக் காட்ட முடியாத பாடம்னு ஒண்ணு இந்த உலகத்துலயே கிடையாது!"

மூன்றாம் வகுப்பு வாத்தியார் இந்தப் பிரகடனத்தை ஆசிரியர் அறையில், பாதி கடித்த பிஸ்கட்டும் கையுமாக நின்று வெளியிட்டார். பிஸ்கட் தூள் பறந்து கணக்கு டீச்சரின் விடைத்தாள் கட்டின் மேல் விழுந்தது.

"அப்ப பூஜ்யத்தை நடிச்சுக் காட்டுங்க சார், பார்ப்போம்" என்றார் கணக்கு டீச்சர், தூளை ஊதிக்கொண்டே.

மறுநாளே காட்டினார். வாயைத் திறந்தே பேசாத ஒரு பையனைத் தனியாக நிற்க வைத்தார், யாரும் சீந்தவில்லை. அவனையே ஒன்றாக நின்ற ஒருத்திக்கு வலப்பக்கம் நிறுத்தினார், ஒன்று பத்தாகிவிட்டது. பையன் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

ஆனால் வாத்தியார் சரித்திரத்தில் இடம் பிடித்தது ஜீரணப் பாடத்தில்தான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இரண்டு வரிசையாகச் சிறுகுடலாகி, வகுப்பறை போதாமல் வராந்தாவுக்கு நீண்டு, நெளிந்து, தலைமை ஆசிரியையின் அறைக்குள் புகுந்தார்கள். யாரைக் கேட்டு இதெல்லாம் நடக்கிறது என்று விசாரிக்க எழுந்த அம்மையார், விசாரணை முடிவதற்குள் ஜீரணமாகி மறுமுனையில் வெளியே வந்தார்.

எல்லா நாடகத்துக்கும் ஒரே சட்டம். முடிந்ததும் வாத்தியார் மூன்று முறை கை தட்டுவார். மூன்றாவது தட்டில் எல்லோரும் எழுந்து, கைகாலை உதறி, "நான் நான்தான்" என்று சொல்ல வேண்டும். செத்த கொசு எழுந்திருக்கும். வெட்டிய மரம் எழுந்திருக்கும். பிள்ளைகள் யாரும் வேஷத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். தான் மட்டும் போவார்.

"குக்கரா நடிச்சது போதும், அடுப்புல இருக்கற குக்கரை இறக்கி வைங்க" என்பாள் மனைவி. அவர் விசிலடித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் அவர்களுடைய ஏழு வயது மகள் ஓடி வந்து, மூன்று தட்டுத் தட்டி அப்பாவை மனிதனாக்குவாள்.

அந்த மனைவி ஒரு திங்கட்கிழமை காய்ச்சலென்று படுத்தாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் செய்தி இவ்வளவுதான்.

மகள் அழவில்லை. அம்மாவின் செருப்பைத் தினமும் துடைத்து வாசலில் வைத்தாள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, மனைவியின் தங்கை அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா வெளியூர் போயிருக்கான்னு சொல்லி வைப்போம் மாமா. சின்னப் புள்ள, தாங்க மாட்டா."

"பொய் வேண்டாம்மா. நானே அவளுக்குப் புரிய வைக்கிறேன்" என்றார். குரலில் பழைய பிஸ்கட் கம்பீரம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

மகளைக் கட்டிலில் உட்கார வைத்து, "அம்மா எங்கடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில" என்றாள், பாடம் தெரிந்த பிள்ளையின் அவசரத்தோடு. "நான் அன்னிக்கே தட்டினேன்ப்பா. ரெண்டு தட்டிட்டேன். அதுக்குள்ள நர்ஸ் அக்கா கையைப் பிடிச்சுட்டாங்க. மூணாவது இன்னும் பாக்கி."

வாத்தியார் கட்டிலில் மனைவி படுக்கும் பக்கமாகப் போய், அவளுடைய போர்வையை எடுத்துக் கழுத்துவரை போர்த்திப் படுத்தார்.

"இப்ப நான்தான் அம்மா. நீ மூணும் தட்டு. தட்டினாலும் எழுந்திருக்க மாட்டேன். அதான் பாடம். சரியா?"

"சரி."

கண்ணை மூடிக்கொண்டார். போர்வையில் அவளுடைய தலையெண்ணெய் வாசனை இன்னும் இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவர் அசையவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். முப்பத்தெட்டுக் குடல்களை ஆட்டி வைத்தவருக்கு ஓர் உடம்பை ஆடாமல் வைப்பதா பெரிய காரியம்?

"அம்மா, தட்டிட்டேம்மா."

நான்கு. ஐந்து.

"சத்தம் கேக்கலையாம்மா?"

ஆறாவதும் ஏழாவதும் பலமாக விழுந்தன. எட்டாவது தட்டு கோணலாக, சத்தமே இல்லாமல் விழுந்தது. அதன் பின்னால் ஒரு சின்ன விசும்பல் வந்தது.

வாத்தியார் எழுந்துவிட்டார். போர்வையோடு அவளை வாரி அணைத்துக்கொண்டார்.

அவள் முகம் மலர்ந்துபோய் அண்ணாந்து பார்த்தாள்.

"எழுந்துட்டீங்களேப்பா! அப்ப நிறைய தட்டினா போதுமா? அம்மாவுக்கும் எட்டு தட்டணுமா?"

அவர் போர்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்தார். மகளின் சிவந்த உள்ளங்கைகள் இரண்டையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். இந்த முறை அவர் கைகள் எதையும் நடிக்கவில்லை, புருவம்கூட ஏறவில்லை.

"இல்லடா" என்றார். "அம்மா செத்துப்போயிட்டா. எத்தனை தட்டினாலும் வர மாட்டா. இதை எனக்கு நடிச்சுக் காட்டத் தெரியல."