தமிழ்செல்வியின் வரிகள்

புதுவாயல் கூட்டுரோட்டில் பிங்க் பஸ் வந்து நிற்கிறது. பொன்னேரிக்குப் போகிற பெண்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள். தமிழ்செல்வி ஏறுவதில்லை. கைப்பையை மார்போடு அணைத்தபடி பஸ்ஸின் புகை கலையும்வரை நின்றுவிட்டு, பின்னால் வரும் தேசப்பனின் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார். காசு கேட்காத பஸ்ஸை விட்டுவிட்டுக் காசு கொடுத்துப் போகிற பெண்பிள்ளை அந்த நிறுத்தத்தில் அவர் ஒருவர்தான்.

"உன்னாட்டம் இன்னும் பத்து பேரு இருந்தா நான் மாடி ஊடு கட்டிடுவேன்க்கா" என்பார் தேசப்பன்.

"ஓசின்னு ஒண்ணு ஒலகத்துலயே கெடையாது தேசப்பா. டீசலு, டயரு, டிரைவர் சம்பளம், எல்லாம் யாரோ குடுக்கறாங்க இல்ல? அந்த யாரோ நாமதான். சுத்தி வளச்சு வாங்கிக்கறாங்க, அவ்ளோதான்."

"அப்ப ஏற்கெனவே குடுத்துட்ட காசுக்கு ஜம்முனு ஏறி உக்காந்துக்கினு போயேன்."

இந்தக் கேள்வியை இரண்டு நாள் யோசித்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். ஆனாலும் ஷேர் ஆட்டோவில் போவதை நிறுத்தவில்லை.

சிப்காட்டில் வேலை கிடைத்து நான் அவர் வீட்டு மாடிக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. கணவர் சின்னதுரை கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்டு பார்க்கிறார். மகள் இளமதி பிளஸ் டூ. தமிழ்செல்விக்கு வயது நாற்பத்தொன்று. முன்பு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முதுகுவலி வந்ததும் அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு மாறினார். பெயரில் தமிழ் இருந்தாலும் பிழைப்பு முழுக்க இங்கிலீஷ்.

வேலை இதுதான். அமெரிக்காவில் யாரோ பேசுவதை ஓர் இயந்திரம் கேட்டு எழுதிவிடும். அது தப்பும் தவறுமாக எழுதியதை இவர் ஹெட்போனில் கேட்டுத் திருத்த வேண்டும். திருத்திய எழுத்து அங்கே காது கேளாதவர்களுக்காகப் படத்தின் அடியில் வரி வரியாக ஓடும். மேசைக்குக் கீழே தையல் மெஷின் மிதி போல ஒரு பெடல். குதிகாலை அழுத்தினால் பேச்சு ஐந்து வினாடி பின்னால் போகும். ஆறு வருடப் பழக்கம் எங்கே போகும்? காய்கறிக்காரி விலை சொல்லும்போதும், வாத்தியார் மகளைப் பற்றிப் புகார் சொல்லும்போதும், சரியாகக் காதில் விழவில்லை என்றால் தமிழ்செல்வியின் குதிகால் செருப்புக்குள் அழுந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

திருத்துவதற்கு அவருக்கு இரண்டு வகையான பேச்சு வரும். ஒன்று, ஓர் அமெரிக்க வானொலிக்காரருடையது; அந்த நிகழ்ச்சி வீடியோவாகவும் ஓடும். அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும், வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், உழைத்தவன் பையில் கை விடக் கூடாது என்று தினமும் மூன்று மணி நேரம் பேசுகிறவர். ஒருவர் பேச்சை ஆறு வருடம் வார்த்தை வார்த்தையாகத் தட்டினால் ஒன்று வெறுப்பு வரும், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும். இவருக்கு ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொள்ளும் ஈரம் முன்பே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா ராஜமாணிக்கம் பொன்னேரிப் பக்கம் நெல் போடுகிறவர். ஒரு வருடம் மழையில் பயிர் அழுகியபோது, வாங்கிய பயிர்க்கடனுக்காக இரண்டு மாட்டை விற்று, தவணைக்கு முதல் நாளே கொண்டுபோய்க் கட்டினார். அடுத்த மாதம் கட்டாதவர்கள் கடன் எல்லாம் தள்ளுபடி ஆயிற்று. தெருவில் பட்டாசு வெடித்தார்கள்.

"எங்கப்பா வெளிய வரவே இல்ல சார். ஊட்டுக்குள்ளயே உக்காந்துக்கினு இருந்தாரு. 'கட்டனவன் கேணையனாம்மா?'ன்னு என்ன கேட்டாரு. எனக்கு அப்ப பதில் தெரியல. பல வருசம் கழிச்சு இந்த ரேடியோகாரரு அதே கேள்விய இங்கிலீஷ்ல கேட்டாரு. பெடல அமுத்தி நாலு தபா கேட்டேன்."

அதற்காக வானொலிக்காரர் சொன்னதெல்லாம் வேதமில்லை. அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை ஏற்றிய மாதம் அவர் அதைப் புகழ்ந்து பேச, தமிழ்செல்வி ஹெட்போனைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தே சண்டை போட்டார். "நேத்து வரைக்கும் வரி போட்டா தப்புன்ன. இன்னிக்கு வெளியூர் சரக்குன்னா மட்டும் சரியா? கடைல வாங்கறவன்தானே கட்டப்போறான்?" திட்டிவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டி, அவர் சொன்னதைச் சொன்னபடியே ஒரு காற்புள்ளி பிசகாமல் எழுதி அனுப்பினார்.

மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகைக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை. எதிர்வீட்டுப் பூவம்மாளுக்கு இதில் தீராத வருத்தம். "வர்ற லட்சுமிய வாசல்லயே நிக்க வெச்சிட்டு கதவ சாத்தறா" என்பார். ஒருநாள் தெருக்குழாயில் பேச்சு முற்றி, நூறு நாள் வேலை வரை போய்விட்டது. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு யார் காசைக் கொடுக்கிறார்கள் என்று தமிழ்செல்வி கேட்டுவிட்டார். பூவம்மாள் அந்த வேலைக்குப் போகிறவர். குடத்தை இறக்கிக் கீழே வைத்தார்.

"போன பொயலுக்கு உன் ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

"வரல."

"அதுக்கு முன்னால வருசா வருசம் வந்துச்சா இல்லியா? ஏரிக்கரைல மண்ணு கொட்டனது யாருன்ற? உன் ரேடியோகாரனா? இந்தக் கை. தொட்டுப் பாரு."

தமிழ்செல்வி தொட்டுப் பார்த்தார். "அது வேலை ஆயா. வேலைக்குக் கூலி. நான் சொன்னது தப்பு" என்றார். திருத்துவது அவர் தொழில். தன்னையும் திருத்திக்கொள்வார். பூவம்மாள் அப்போதும் ஒரு வாரம் பேசவில்லை.

இரண்டாவது வகைப் பேச்சு, சோளம் விளையும் ஒரு பிரதேசத்தின் கவுண்டிக் கூட்டம். கவுண்டி என்றால் நம்மூர் ஒன்றியம் போல. மாதம் இரண்டு முறை ஐந்து உறுப்பினர்கள் உட்கார்ந்து சாலை, சாக்கடை, பாலம் என்று பேசுவார்கள். பார்த்தேயிராத அந்த ஐந்து பேரையும் தமிழ்செல்வி சொந்தக்காரர்களைப் போல அறிவார். யார் மூக்கை உறிஞ்சுவார், யார் 'கடைசியாக ஒன்று' என்று சொல்லிவிட்டு மூன்று சொல்வார், எல்லாம் தெரியும். அவருக்கு மிகவும் பிடித்தவர் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் ஒரு கம்மல் குரல்காரர். எந்தச் செலவு வந்தாலும் ஒரு தரம் இருமிவிட்டு, "இது யார் பணம்?" என்று கேட்பவர்.

"எங்க பஞ்சாயத்துக்கு இந்த மாதிரி ஒருத்தர் வாணாமா சார்?" என்பார் என்னிடம்.

இயந்திரம் செய்யும் கோளாறுகளைச் சொல்லிச் சிரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஆற்றங்கரைக்கும் வரிக்கும் இங்கிலீஷில் காதுக்கு ஒரே சத்தம், 'லெவி'. வெள்ளம் வருவதற்குள் கரையை உயர்த்த வேண்டும் என்று உறுப்பினர் பேசினால், வெள்ளம் வருவதற்குள் வரியை உயர்த்த வேண்டும் என்று அது எழுதிவிடும். "நான் மட்டும் பாக்காம உட்டேன்னா அன்னிக்கே அந்த ஊர்ல கலாட்டாதான்!"

போன செப்டம்பரில் வந்த கூட்டத்தில், பாதியில் கம்மல் குரல்காரர் இருமினார். அன்றைக்கு அவர் கையில் எடுத்த செலவு, கூட்டத்தை எழுத்தாக்கும் செலவு. இயந்திரம் இலவசமாகவே எழுதுகிறது, அதைத் திருத்த எங்கோ இருக்கும் யாரோ ஒருவருக்கு ஏன் கொடுக்க வேண்டும், இது யார் பணம் என்று கேட்டார்.

எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் அதை ஒரு பிழையும் இல்லாமல் தட்டினார்.

பிறகு பொதுமக்கள் பேசும் நேரம். ஒரு மனிதர் எழுந்தார். அவர் பேச்சு முழுவதற்கும் இயந்திரம் 'இசை' என்று ஒரே சொல்லைப் போட்டிருந்தது. தமிழ்செல்வி ஹெட்போனை அழுத்திக்கொண்டு கேட்டார். பாட்டு இல்லை. காது கேட்காத ஒருவரின் குரல், ஏற்றமும் இறக்கமும் இடம் மாறி வந்தது. இரண்டு நிமிடப் பேச்சைப் பிரித்தெடுக்க அவருக்கு அந்தக் காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அடுப்பில் வைத்த சாம்பார் தீய்ந்தது.

அந்த மனிதர் ஒரு தச்சர். மர ஆலை இரைச்சலில் காது போனவர். அவர் சொன்னதைத் தமிழ்செல்வி எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்: "நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காது. நான் பேசுவது உங்களில் பாதிப் பேருக்குப் புரியாது. நடுவில் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். யாரென்று தெரியாது. அவர் எழுதுகிற வரையில்தான் நானும் இந்த ஊர்க்காரன்." தனக்கு ஆதரவு தருகிறவர்கள் எழுதட்டும் என்று மின்னஞ்சல் முகவரியையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

ஓட்டெடுப்பில் நான்குக்கு ஒன்று. எழுத்து வேலை ரத்தாயிற்று.

அன்று மாலை தண்ணீர் கேன் எடுக்க நான் கீழே இறங்கியபோது புருஷனும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆலை இரைச்சலில் இருந்து வருகிறவராதலால் சின்னதுரை எப்போதும் உரக்கத்தான் பேசுவார்.

"பாதி வேல போச்சுன்ற. சரியாத்தான் செஞ்சாங்கன்றியே. இன்னா மே பேசற நீ?"

"அந்த சீட்ல நான் உக்காந்திருந்தாலும் அப்டிதான் கை தூக்கியிருப்பேன். ஆறு வருசமா அடுத்தவன் வேல போவும்போதெல்லாம் சரின்னுதானே தலையாட்டனேன்? என்னுது போச்சுன்னா மட்டும் நாயம் மாறிடுமா?"

சின்னதுரை என்னைப் பார்த்தார். நான் கேனைப் பார்த்தேன்.

மறுநாள் சென்னையிலிருந்து ஜெபா கூப்பிட்டாள். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேலாளர் அவள்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தமிழ்செல்வி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, காது கேக்காதவங்களுக்கு எழுதிக் காட்டியே ஆகணும்னு அங்க சட்டமே இருக்காம். கம்பெனி சார்பா கம்ப்ளெயிண்ட் போடறோம். எழுதறவங்க எல்லாரும் ஒரு லெட்டர் குடுத்தா போதும், திரும்ப வேலை வந்துடும்."

"சட்டத்தக் காட்டி அவங்க பாக்கெட்ல கைய உட சொல்றியா? நான் போட மாட்டேன் ஜெபா."

"சரி, நமக்கு வேணாம். அந்த ஆளுக்கு?"

தமிழ்செல்வி கீரைத் தண்டை ஒடித்தபடியே இருந்தார். ஜெபா இரண்டு தரம் "அக்கா? அக்கா?" என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

கடிதம் போகவில்லை. அந்த மாதம் இளமதியின் கணினி வகுப்பு நின்றது. அவள் கேட்டதற்கு, "ஊட்ல செலவ கொறைக்கறோம்" என்று மட்டும் சொன்னாராம். நான்கைந்து நாள் போயிற்று. பிறகு அவரே ஜெபாவைக் கூப்பிட்டு, கூட்டங்களின் வீடியோ எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியே கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றாள்.

அடுத்த கூட்டத்தை முழுக்க எழுதினார். தச்சர் சொன்ன முகவரிக்கு அனுப்பினார். யார் நீங்கள், எவ்வளவு தர வேண்டும் என்று பதில் வந்தது. 'முன்பு எழுதிய அதே ஆள்தான். ஒன்றும் தர வேண்டாம்' என்று எழுதினார். அன்றிலிருந்து மாதம் இரண்டு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு மணி நேர உழைப்பு.

இது முரணாக இல்லையா என்று நான் கேட்டேன். கொஞ்சம் கோபம்கூட வந்தது அவருக்கு.

"கவர்மெண்டு செய்யக் கூடாதுன்னா ஒருத்தரும் செய்யக் கூடாதுன்னா அர்த்தம்? செய்யக் கூடாதுன்னு சொல்றவங்கதான் சார் மொதல்ல செய்யணும். இல்லாங்காட்டி அது கஞ்சத்தனம். கொள்கை இல்ல."

வாசலில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பூவம்மாள் நிமிர்ந்தார். "நல்லாத்தான் சொல்ற தமிழு. உனக்கு ஜொரம் கண்டுச்சின்னா?"

தமிழ்செல்வியின் குதிகால் தரையில் அழுந்தியது. ஜனவரியில் உண்மையிலேயே காய்ச்சல் வந்து ஒன்பது நாள் படுத்தார். அந்தக் கூட்டம் தச்சருக்குப் பத்து நாள் தாமதமாகப் போனது. அதற்குள் அந்த ஊரில் ஒரு பாலத்தை மூடுவதாக முடிவாகியிருந்தது. தச்சர் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறவர். "ஆயா கேட்டதுக்கு இன்னும் யோசிச்சிக்கினுதான் கீறேன்" என்றார் என்னிடம். ரேடியோகாரரிடம் இதற்குப் பதில் இருக்கிறதா என்று கேட்டேன். "அவரு காசு வாங்கிக்கினு பேசறவரு" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வேலை செய்வதைப் பார்க்க உட்கார்ந்தேன். இன்னொரு ஹெட்போனை என்னிடம் கொடுத்தார். பாலத்தைப் பற்றி மறுபடியும் பேச்சு. கம்மல் குரல்காரர் இரண்டு தரம் இருமினார். ஓர் இடத்தில் அவர் வார்த்தையை விழுங்க, அது 'முடியாது' என்பதா, 'இப்போது முடியாது' என்பதா என்று தமிழ்செல்வி ஏழு தரம் ஓட்டிக் கேட்டு, 'இப்போது' என்பதைச் சேர்த்தார். கடைசியில் தலைவர் சுத்தியலைத் தட்டினார். கூட்டம் முடிந்தது.

சம்பளம் வந்த காலத்தில் சுத்தியல் சத்தத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அங்கே யாரோ மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன. யாரோ யாரிடமோ மனைவியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தமிழ்செல்வி அதையும் தட்டினார். பேச்சு ஓய்ந்து, கதவு சாத்தும் சத்தம் கேட்டு, காலியான அந்த அறையில் சன்னமாக ஓர் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு அடைப்புக்குறி போட்டு, 'வெளியே மழை' என்று எழுதினார். இன்னொரு தரம் கேட்டார். 'வெளியே' என்பதை அழித்துவிட்டு, 'தகரக் கூரைமேல்' என்று திருத்தினார்.