சர்மிளாவின் இடத்துக்கு ஓர் ஆள்

எங்கள் எம்.பி. ஐயாவின் வாகனத்தை ஓட்டுகிறவன் நான். அவருடைய கண்டி அலுவலகத்தை ஓட்டுகிறவள் சர்மிளா. ஐயா மேடையில் பேசுவதெல்லாம் அவள் எழுதியது. கூரைத் தகரம் கேட்டு, தண்ணீர் கேட்டு, வேலை கேட்டு வரும் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்குக் கடிதம் எழுதுவதும் அவள்தான். கையெழுத்து மட்டும் ஐயா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்துவிட்டு, ஆறு மாதத்துக்கென்று வந்தவள். பதினொரு வருடமாகிறது.

போன மாதம் அவளுக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை நாலு மணிக்குள் கடமையேற்க வேண்டும். விட்டால் வயதெல்லை தாண்டிவிடும், இன்னொரு தடவை கிடையாது. ஐயாவிடம் சொன்னாள். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தாராளமா போங்கம்மா. ஒங்க எடத்துக்கு ஒரு ஆளக் கொண்டாந்து விட்டுட்டுப் போங்க" என்றார். கூடவே, "ஒங்க தம்பி சுதேஷுக்கு வேல இன்னும் நிரந்தரமாகல இல்ல?" என்றும் விசாரித்தார்.

பாவி மனுஷன், சிரித்துக்கொண்டே கேட்டார்! சுதேஷுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ஐயாவின் கடிதம். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அதற்குமேல் இவள் எப்படி முறித்துக்கொண்டு போவாள்?

மூன்று வாரம் ஆள் தேடி அலைந்தாள். கிடைக்கவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை கலஹாவில் ஒரு பாடசாலையில், உயர்தரப் பரீட்சை முடித்தவர்களுக்குத் தொழில் வழிகாட்டல் கூட்டம். அரசியலில் வேலை செய்ய விரும்புகிற பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல ஐயாவை அழைத்திருந்தார்கள். ஐயா வழக்கம்போல அவளை அனுப்பினார்.

"இன்னைக்கு ஒரு ஆளப் புடிச்சிடணும் ரவி அண்ணே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் சாமியை வேண்டிக்கொண்டேன்.

நன்றாகத்தான் பேசினாள். சிங்களத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதப் பழகுங்கள், வாசலில் நிற்கிற ஆளைக் காக்க வைக்காதீர்கள் என்றெல்லாம் சொன்னாள். முடிந்ததும் டிலானி என்றொரு பிள்ளை எழும்பியது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் சரளம்.

"மிஸ், எனக்கு டிகிரி படிக்க கெம்பஸ் கெடைச்சிருக்கு. ஆனா ஒங்க ஆபீஸ்ல வேல தந்தா வந்துர்றேன். கொஞ்ச நாள் செஞ்சிட்டு அப்புறம் படிக்கலாம்தானே?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆமான்னு சொல்லு தாயி, ஆமான்னு சொல்லு என்று மண்டபத்தின் பின்னால் நின்று முணுமுணுத்தேன். சர்மிளா அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வராதம்மா" என்றாள். "கெம்பஸுக்குப் போ. அரசியல் வேணும்னா படிச்சு முடிச்சிட்டு ஒன் பேர்லயே தேர்தல்ல நில்லு. இன்னொருத்தர் கையெழுத்துப் போட எழுதிக் குடுத்தே வயசு போயிரும்."

அடிப்பாவி! திரும்பி வரும்போது வாய்க்கு வந்தபடி ஏசினேன். "நீ என்ன பெரிய தியாகியா? அந்தப் புள்ள தானாதானே கேட்டுச்சு?"

"எனக்கு மட்டும் போக ஆசையில்லயா அண்ணே? அந்த மொகத்தப் பாத்துப் பொய் சொல்ல வாய் வரல" என்று தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை முழுவதும் கடிதங்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை போய், "வாகனத்த எடுக்கவா? இப்பவும் போயிடலாம்" என்றேன். "சுதேஷ் என்ன ஆவான்?" என்றாள். நாலு மணியோடு நியமனம் கைவிட்டுப் போனது.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே டிலானியைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அப்பா வீரையா வந்து நின்றார்.

"படிக்க வைக்க வசதியில்லங்கய்யா. இந்த மிஸ் வேணாம்னாங்களாம். பாவம், அவங்களுக்கு எங்க வீட்டு நெலம தெரியாதுதானே."

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். அந்த இடத்திலேயே டிலானியை வேலைக்கு எடுத்தார். பிறகு சர்மிளா பக்கம் திரும்பினார்.

"ஆள் வந்திருச்சே. இனி நீங்க தாராளமா போகலாம்மா."

நியமனத்தின் கடைசி நாள் நேற்று என்பது அவருக்குத் தெரியும். எனக்கு அப்படியே அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. வாகனச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சர்மிளா தன் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றாள்.