அச்சு நட்டும் மாப்பிள்ளை மரியாதையும்

கோயம்புத்தூர் கணபதியில் குடியிருக்கிற ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெருவுக்குத் தெரு லேத் பட்டறைச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்ததால், ஸ்பேனர் பிடிப்பது ரத்தத்திலேயே இருக்கிறது என்று நம்பிவிடுவோம். என் ரத்தத்தில் இருப்பது சர்க்கரைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வலது பக்கம் திரும்பினால் என் காரின் இடது முன்சக்கரத்திலிருந்து கடகடவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் ரேடியோவைக் கூட்டி வைத்துச் சமாளித்தேன். கடைசியில் மெக்கானிக் பார்த்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றவைக்கிற டிரைவ் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, வெளியூர் எடுத்துப் போகாதீர்கள் என்றார். புதுசு வாங்கி வையுங்கள், முகூர்த்தம் கழித்து மாட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அவரும் யார் கல்யாணத்துக்கோ போய்விட்டார்.

எங்கள் வீட்டிலும் கல்யாணம்தான். என் மனைவியின் தம்பிக்கு. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பாலக்காடு வரை அலைந்து, தலையில் பாதி முடி போன பிறகு பையனுக்கு ஒருவழியாகப் பெண் அமைந்திருந்தது. அன்று சாயங்காலம் அன்னூர் மண்டபத்தில் இணைச்சீர். கல்யாணப் பையனுக்குப் பக்கத்தில் உடன்பிறந்தவள் பட்டுடுத்தி உட்கார்ந்து செய்கிற சீர் அது. அவனுக்கு இருப்பது ஒரே அக்கா. இவ்வளவு வருஷம் காத்திருந்தவன் இன்னும் கொஞ்சம் காத்திருக்க மாட்டானா என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன்.

முகூர்த்த நாளில் டாக்ஸிக்கு எங்கே போவது? போதாததற்கு, மகளையும் மருமகனையும் நேரில் அழைத்துப் போக மாமனாரே காலையில் பஸ் ஏறி வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“பஸ்ஸெல்லாம் எதுக்குங்க மாமா? வாங்கி வெச்ச புது ஷாஃப்டை மதியத்துக்குள்ள நானே மாட்டிப்போடறேன். நம்ம வண்டியிலயே போயிரலாமுங்க.”

“கழட்டத் தெரியுமுங்களா மாப்பிள்ளை?”

“தெரியுமுங்க.”

வீடியோ பார்த்திருந்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற பெரிய அச்சு நட்டை, பாட்டில் மூடி திறப்பது போலத் திறந்தான்.

மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து பிரேக்கை அமுக்கச் சொன்னேன். தலையில் மல்லிகைப்பூவும் காதில் போனுமாக அவள் அமுக்கினாள். மாமனார் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார். நட்டில் சாக்கெட்டை மாட்டி, லீவரைப் பிடித்து, மூச்சடக்கித் தள்ளினேன். என் இடுப்பில் ஏதோ கழன்றது. நட்டு கழலவில்லை.

துரு ஸ்பிரே அடித்தேன். சுத்தியலால் தட்டினேன். போர்வெல் பைப் துண்டு ஒன்றை லீவரில் செருகி நீளமாக்கி அதன்மேல் ஏறி நின்றேன். என் எடை எத்தனை என்று இங்கே சொல்லப்போவதில்லை. நாகரிகமான எடை அல்ல. அதற்கும் நட்டு அசையவில்லை.

மாமனார் செருமினார். “ஒரு டீ குடிச்சுப்போட்டுப் பாக்கலாமுங்களே மாப்பிள்ளை.”

வேண்டாமுங்க என்றேன். அப்போதுதான் எனக்குள் பயம் புகுந்தது. இடது பக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழாக இருக்குமோ? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த நிமிஷமே முடிவு செய்து, பைப்பை மறுபக்கம் வைத்து ஏறிக் குதித்தேன். நட்டு நகர்ந்தது! சந்தோஷத்தில் மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன்.

“நல்லா இறுகிப்போச்சுங்க,” என்றார், பாராட்டுகிற குரலில்.

அதற்குப் பிறகு நான் மனுஷனாக இல்லை. சட்டை முழுக்க கிரீஸ். விரல் முட்டியில் தோல் போயிருந்தது. மண்டபத்தில் காலியாகக் கிடக்கிற மணை, சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் திரும்பத் திரும்பக் கடிகாரத்தைப் பார்ப்பது, மச்சானின் மிச்ச முடியும் அங்கேயே உதிர்வது எல்லாம் கண்ணுக்குள் ஓடியது. கேஸ் அடுப்பையே வெளியே இழுத்து வந்து நட்டைச் சூடாக்கலாமா என்று கேட்டேன். மனைவி போனை வைத்துவிட்டாள். மாமனார் மறுபடி டீ என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டீ என்றார்.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்க டீயே குடிக்க மாட்டீங்க. என்னன்னு சொல்லுங்.”

“மாப்பிள்ளை வேலை செய்யறப்ப நாம குறுக்க பேசலாமா கண்ணு?”

“சொல்லுங்ப்பா.”

அவர் என்னிடம் சொல்லவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நான் நிற்க, மகளிடம் சொன்னார். “அந்த நட்டு தானா கழண்டுக்கக் கூடாதுன்னு, அதோட விளிம்பை ஒரு இடத்துல தட்டி ஷாஃப்ட் பள்ளத்துக்குள்ள மடிச்சு உட்டிருப்பாங்க அம்மணி. அதை உளி வெச்சு நிமித்துனாத்தான் வரும். நம்ம டிராக்டர்லயும் அப்படித்தான்.”

அவள் என்னிடம் திரும்பினாள். “ஏனுங்க, விளிம்பை நிமித்தோணுமாம்.”

எனக்கும் காது இருக்கிறது என்று அப்போது சொல்லவில்லை. அவர் எப்போது கவனித்தார் என்று மட்டும் கேட்டேன், அதையும் அவளிடமே. கேள்வி அவள் வழியாகப் போய், பதில் அவள் வழியாகவே வந்தது. நாற்காலி போட்ட உடனேயாம். ‘தெரியுமுங்க’ என்று மாப்பிள்ளை சொன்ன பிறகு, மாப்பிள்ளைக்குத் தெரியாது என்று மாமனார் எப்படிச் சொல்வது? அது எனக்குச் செய்த மரியாதை. அந்த மரியாதையின் மேல்தான் அவ்வளவு நேரமும் நான் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

உளியை வைத்து விளிம்பை நிமிர்த்தினேன். பைப்பில் சாய்ந்ததும் கிறீச்சென்று ஒரு கத்தல் கத்திவிட்டு நட்டு இளகியது. கையில் எடுத்துப் பார்த்தேன். சின்ன எலுமிச்சை அளவுதான்.

நட்டு வந்தது. ஆனால் ஷாஃப்டை உருவி, புதுசை மாட்டி, சக்கரத்தைப் பூட்டுவதற்கு நேரம் எங்கே? மாமனார் எழுந்து வேட்டியை உதறினார். அன்னூர் பஸ்ஸில் இந்நேரத்துக்குக் கூட்டம் இருக்காது என்று மகளிடம் சொன்னார். குளித்தும் போகாத கிரீஸோடு, பட்டுச்சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரச் சீட்டில் போனேன்.

அவள் சரியான நேரத்துக்கு மணையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியின் பக்கத்தில் பட்டுடுத்தி உட்கார்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடி, என் விரல் நகங்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்காக நட்டை மன்னித்தேன்.

வந்தவர்களெல்லாம் வண்டி எங்கே என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னால் மாமனார் முந்திக்கொண்டார்.

“அச்சு நட்டையே தனியாளா நின்னு கழட்டிப்போட்டாருங்க நம்ம மாப்பிள்ளை. வண்டி வேலையெல்லாம் அத்துப்படி.”

பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்காரர், மனைவி வழியில் தூரத்துப் பங்காளி, ரசத்துக்குக் காத்திருந்தபோது மெதுவாகச் சாய்ந்தார். அவர் வண்டியிலும் திரும்பும்போது கடகடவென்கிறதாம். மறுநாள் காலை முகூர்த்தம் முடிந்ததும் ஒரு பார்வை பார்க்க முடியுமா, கழட்டத் தெரியுமுங்களா என்று கேட்டார்.

எதிர்ப் பந்தியில் மாமனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, பெருமையாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் வேறென்ன சொல்வது?

“தெரியுமுங்க.”