ஞானாபரணம் உள்ள இருக்காருங்க

சரவணம்பட்டியில ஒரு கம்பெனி கேட்டுக்கு எதுக்க டீக்கடை வெச்சிருக்கறேனுங்க. படிப்பு அஞ்சாவது. அதையும் மூணு வருசம் ரசிச்சுப் படிச்சவன். ஆனா அந்தக் கம்பெனியில ஜோவிதா அம்மணி பாக்கற கம்ப்யூட்டர் வேலையக் கேட்டீங்கன்னா புட்டுப்புட்டு வெப்பேன். எல்லாம் எங்கடை பெஞ்சுல அவ சொன்னதுதான்.

தேங்கா ஏலத்துக்கு ஒரு வெப்சைட்டு. கடை தொறந்தா, ஆள் வந்தா, ஆள் போனா, கடை சாத்துனா, அந்த நாலு நேரத்துலயும் சர்வரு என்ன பண்ணோணும்னு எழுதறது அவதான். ஆள் வந்து போற வரைக்கும் அதுக்குச் செஷன்னு பேரு.

"போனது அதுக்கெப்புடி அம்மணி தெரியும்?"ன்னேன்.

"தெரியாதுங்ணா. நம்மாளுக யாரு லாக்-அவுட் அமுக்கறாங்க? போனைச் சட்டை ஜோப்புல போட்டுட்டு நடந்துருவாங்க. இருபது நிமிசம் தொடலீன்னா, போயிட்டாங்கன்னு அதுவே முடிச்சுக்கும்."

"ஒரு டீக்கு ஒம்பது மணி நேரம் பெஞ்சத் தேய்க்கறானே மிதுன், அவனுக்கு இதைய மாட்டி உடு."

சிரிச்சா. சிரிச்சுட்டே போனைப் பாத்தா.

வெப்சைட்டுக்குள்ள ஆரு இருக்காங்கன்னு காட்டற பட்டியல், அதுல ஒரு வரி. 'ஞானாபரணம், வந்தது 7.05.' அவிய அப்பாங்க. கெணத்துக்கடவுல தென்னந்தோப்பு. புள்ள மோகன்குமாரக் கட்டிக்கிட்ட அன்னிக்கு வாயப் பூட்டுன மனுசன். சாவியக் கெணத்துல போட்டுட்டாராட்ட இருக்குது, நாலு வருசமாச்சு. காலையில வெலை பாக்க ரெண்டு நிமிசம் வருவாரு, போயிருவாரு. ஆனா 7.27 வரைக்கும் உள்ள இருக்காருன்னே காட்டும். பாக்கி இருபது நிமிசம் பொய்யின்னு அதைய எழுதுனவளுக்கே தெரியும். தெரிஞ்சும் பாத்துட்டிருப்பா. டீ ஊட்டி ஐஸாயிரும்.

போன திங்கக்கெழமை அவ பொறந்த நாளு. அன்னிக்குப் புத்தி கெட்டுப்போச்சு. அப்பா உள்ள வந்த ஒடனே, ஏலம் நடக்கறப்பவே, சர்வரையே நிறுத்தி மறுக்காத் தொறந்துபோட்டா. நிறுத்துனா உள்ள இருக்கற அத்தனை செஷனும் அழிஞ்சுபோகும். அவரு மறுபடி வந்துதான ஆகோணும்? இன்னொருக்கா அந்தப் பேரப் பாக்கோணும், அவ்வளவுதான் ஆசை.

ஜில்லாவே ரோட்டுக்கு வந்துருச்சுங்க! கம்பெனிப் போன் அலறுன அலறல்ல எங்கடை கிளாசு நாலு ஒடஞ்சுது. மேனேஜரு குதிச்ச குதியில கட்டடமே ஒரு அடி எறங்கிருச்சு. ஆளுக்கொரு போனை எடுக்கச் சொன்னாங்க. அவ எடுத்தது,

"ஏனுங்க, பாதியில வெளிய தள்ளிப்போட்டீங்களே?"

அப்பாங்க.

"மன்னிச்சுக்கங்க. மறுபடி உள்ள வாங்க."

அப்புறமா, "தொண்டை கட்டிருக்குதுங்களாட்ட இருக்குது. சுடுதண்ணி குடிங்க"ன்னாரு. பெத்த புள்ளைகிட்ட, ஆரோகிட்டப் பேசறாப்புல.

"உங்களுக்கு வேற ஏதாச்சும் வேணுங்களா?"ன்னா.

"நான் உள்ள இருக்கறது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. இருபது நிமிசத்துக்கு ஒருக்காத் தொட்டாப் போதுமுங்க. இருக்கறீங்கன்னு தெரியும்."

"செரிங்க"ன்னு வெச்சுட்டாரு.

மறுநாள் ஏழு அஞ்சுக்கு வந்தாரு. எட்டு ஆச்சு, உள்ள இருக்காரு. மத்தியானம் உள்ள இருக்காரு. சாயங்காலம் அஞ்சரைக்குப் பெஞ்சுல உக்காந்து போனை நீட்டறா.

"கூப்புட்டுப் பேசிரு கண்ணு."

"வேண்டாங்ணா. கூப்புட்டா மறுபடி பூட்டிக்குவாரு. இப்புடியாச்சும் இருக்கட்டும்."

கடைசியாத் தொட்டு பதினாறு நிமிசமாயிருந்துச்சு. பதினேழு. தோப்புக்குத் தண்ணி உடப் போயிருப்பாருன்னேன். பதினெட்டு. பத்தொம்பது.

அவரு பேருக்கு நேரா இருந்த மணி மாறுச்சுங்க. 'தொட்டது 5.49.'

பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுபோச்சு. டீ கேட்டு நாலு பேரு நிக்கறாங்க. நானும் அந்தப் போனத்தான் பாத்துட்டிருந்தேன்.