படாக் மரத்தில் ஒரு பொம்மை வீடு

இன்டர்வியூவுக்கு வரும்போது பழைய வேலைக்கு அத்தாட்சி கொண்டு வர வேண்டுமாம். அத்தாட்சியாம்! நான் வேலை பார்த்தது ஹேவ்லாக் தீவில், குடியேற வந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த இடத்தில். இன்டர்வியூ போர்ட் பிளேரில். நடுவில் கடல். வீட்டையா தூக்கிக்கொண்டு வர முடியும்?

அது அறுபதுகள். மஸ்டர் ரோல் பதிவேட்டில் நான் தினக்கூலித் தச்சன். ஆனால் ஆள் பிரிப்பது, மரம் அளப்பது, மழைக்கு முன் கூரை ஏற்றுவது எல்லாம் என் தலையில். பேர் இல்லாத சூப்பர்வைசராகப் பல வருஷம் மாரடித்தேன். நிஜமான சூப்பர்வைசர் பதவி காலியாகி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதும், இனி உளியைத் தொடமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"மொதல்ல ஆர்டர் வரட்டும்" என்றாள்.

போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ஆணி, கீல் விற்கும் பாய்தான் வழி சொன்னார்.

"ஏன் மேஸ்திரி மண்டைய ஒடச்சுக்கிறீங்க? அதே வீட்டச் சின்னதா செஞ்சு எடுத்துட்டுப் போங்க. ஆபீசர் சாப் லோக் பாத்தா குஷி ஆயிடுவாங்க."

நம்பித் தொலைத்தேன். படாக் மரத்தில் இழைத்து இழைத்துச் செய்தேன். கதவு திறக்கும், ஜன்னல் மூடும். போதாக்குறைக்கு வார்னிஷ் வேறு.

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் மெட்ராஸ் பக்கத்து இன்ஜினியர். வீட்டை மேசையில் வைத்தேன்.

"அடடே, ஜன்னல் தெறக்குதே!"

"ஆமா சார். அங்க தரை சதுப்பு. தூண் நட்டா எறங்கிடும். அதனால அடியில குறுக்குக் கட்ட போட்டு..."

"வார்னிஷ் எத்தன கோட்டு?"

"மூணு சார். மொத மழக்காத்துல கூரை பறந்துடுச்சு. அப்புறம் நான்..."

"அரே, தர்வாஜா பி குல்தா ஹை!" என்றார் பக்கத்து அதிகாரி, கதவும் திறக்கிறதாம். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், வீட்ட விடுங்க. நான் சொல்றதக் கேளுங்க!"

"கோவப்படாதீங்க மேஸ்திரி. கைவேல பிரமாதம். போயிட்டு வாங்க" என்றார் இன்ஜினியர். பொம்மை வீடு அவர் மேசையிலேயே தங்கிவிட்டது.

அடுத்துப் போனவர் புரோத்ராபூர்க்காரர் ராஜு. அவரும் என்னைப் போல வீடு கட்டியவர்தான். வெறுங்கையை வீசிக்கொண்டு போனார். எந்த வீடு சாய்ந்தது, ஏன் சாய்ந்தது, எப்படி நிமிர்த்தினார் என்று அவர் சொல்வது வராந்தா வரை கேட்டது. உள்ளே ஒருவரும் குறுக்கே பேசவில்லை. சூப்பர்வைசர் வேலை அவருக்குத்தான் போனது.

எனக்கும் ஆர்டர் வந்தது. நிரந்தர வேலைதான், ஃபர்னிச்சர் பிரிவில் தச்சன்.

"பெர்மனென்ட்தானே? பெறகு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி. தொடமாட்டேன் என்று சொன்ன உளியைப் பெட்டியிலிருந்து மறுபடி எடுத்தேன்.

வேலை கேட்டுப் போகும் பிள்ளைகளே, செய்த பொருளை மேசையில் வைத்துவிட்டு நிற்காதீர்கள். எங்கே சிக்கல் வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள். பொருளை அப்புறம் காட்டிக்கொள்ளலாம். பளபளப்பைக் காட்டினால் பளபளப்பாக்கும் வேலைதான் கிடைக்கும்.

ஃபர்னிச்சர் பிரிவில் எனக்கு வந்த முதல் வேலை என்ன தெரியுமா? இன்ஜினியர் அறையில் அந்தப் பொம்மை வீட்டை வைக்க ஒரு மேசை. அதற்கும் மூன்று கோட்டு வார்னிஷ் கேட்டார்கள்.